நன்றி சொல்ல என் மகளின் படம்தான் கிடைத்ததா?

சட்ட ஆலோசனைப் பகுதிக்குத் தென்மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கணவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் சாலை விபத்தில் இறந்துவிட்டார். தையலும் நூறு நாள் வேலையுமாகக் குடும்பம் ஓடுகிறது. ஒரே மகள் உள்ளூர் ஆர்.சி. (கத்தோலிக்க) தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். அரசு உதவி பெறும் பள்ளி. தாயும் அங்கேதான் படித்தார். ஒன்று முதல் ஐந்து வரை மொத்தம் 41 பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள். தலைமையாசிரியை ஒரு சிஸ்டர், தாளாளர் பங்குத்தந்தை. இவர்களுடையது இந்துக் குடும்பம். பள்ளியில் பாதிக்கு மேல் இந்துப் பிள்ளைகள்தாம்.

பள்ளி மாதந்தோறும் நான்கு பக்கச் செய்தி மடல் ஒன்றைக் கொண்டுவருகிறது. அது பங்குக் கோயில் (தேவாலய) வாசல் பலகையில் ஒட்டப்படும். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கும் பங்கின் முகநூல் பக்கத்துக்கும் போகும். பங்கின் பாதுகாவலரான புனிதரின் திருவிழா மாதத்து மடலின் முதல் பக்கத்தில் இந்தச் சிறுமி புதுப் பையும் காலணியும் பெற்றுக்கொள்ளும் படம். மேலே, 'தந்தையை இழந்து வறுமையில் வாடும் மாணவிக்கு உதவிக்கரம்' என்று தலைப்பு. கீழே பெயர், வகுப்பு, தெரு. மறுநாளிலிருந்து வகுப்பில் அவளுக்குப் பெயர் 'உதவிக்கரம்'. மூன்று நாள் பள்ளிக்குப் போக மறுத்துவிட்டாள். இப்போது பழைய துணிப்பையில் புத்தகம் கொண்டுபோகிறாள். புதுப் பை பரணில் கிடக்கிறது.

"ஜூன் மாதம், படம் எடுக்க ஆட்சேபம் இல்லை என்று ஒரு தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி என்ன கேட்க முடியும்? கொழுந்தன் போலீசில் புகார் கொடு, உள்ளே தள்ளலாம் என்கிறார். மாமியார், உப்பிட்டவர்களைப் பகைக்கலாமா என்கிறார். சொந்தக்காரர் ஒருவர், இதெல்லாம் மதம் மாற்றுவதற்கான ஏற்பாடு என்று கிளப்பிவிடுகிறார். டி.சி. வாங்கி வேறு பள்ளியில் சேர்த்துவிடலாமா? 41 பிள்ளைகளில் ஒன்று குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. சிஸ்டர் நல்லவர். என் கணவர் இறந்த அன்று இரவு முழுவதும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான்" என்று கடிதம் முடிகிறது.

சகோதரி,

கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்த இரவைக் குறிப்பிடாமல் விட்டிருந்தால் உங்கள் வழக்கு இன்னும் பலமாகத் தெரிந்திருக்கும். அதையும் எழுதினீர்கள். அதனால்தான் நான் தரும் ஆலோசனையும் நீதிமன்றத்தில் தொடங்கவில்லை. ஆனால் சிஸ்டர் நல்லவர் என்பதற்காக நடந்தது சரியாகிவிடாது. அந்த மடலை எழுதியவர்களுக்கு உங்கள் மகள் மீது அன்பு இருந்திருக்கும். அதை எழுதுமுன் அவளிடமோ உங்களிடமோ ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்ற எண்ணம்தான் வரவில்லை.

இப்படிப்பட்ட மடல்கள் ஏன் வருகின்றன என்பதையும் பாருங்கள். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பதே கணக்கு. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 அன்றுள்ள எண்ணிக்கையை வைத்துப் பணியிடத்தை முடிவு செய்வார்கள். 41 பிள்ளைகள் உள்ள பள்ளியில் மூன்றாவது ஆசிரியருக்கு நிர்வாகமே சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கக்கூடும். கூரை ஒழுகினால், கழிப்பறைக் கதவு உடைந்தால் நன்கொடையாளரைத்தான் தேட வேண்டும். நன்கொடையாளர் படம் கேட்பார். பக்கத்து ஊர் ஆங்கிலவழிப் பள்ளியின் வேன் தெருவுக்குத் தெரு வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது, நாங்களும் இருக்கிறோம் என்று இந்தப் பள்ளியும் சொல்லியாக வேண்டும். கொடியேற்றம், விளையாட்டு விழா, காய்கறித் தோட்டம், புதிதாகச் சேர்ந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் என்று நான்கு பக்கம் எழுதுகிறார்கள். நானும் இப்படியொரு பள்ளியில் படித்தவள்தான். பெயர் அச்சில் வந்த மடலை ஆறு மாதம் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். எனக்கு வந்த செய்தி ஓட்டப்பந்தயத்தில் இரண்டாம் பரிசு. உங்கள் மகளுக்கு வந்தது அப்பா இல்லை என்ற செய்தி.

கையெழுத்துப் போட்டுவிட்டேனே என்ற கவலை

நீங்கள் அனுப்பிய அந்தத் தாளின் நகலைப் படித்தேன். 'பள்ளி நிகழ்ச்சிகளில் எடுக்கப்படும் படங்களை வெளியிட ஆட்சேபம் இல்லை' என்பது மட்டுமே அதில் இருக்கிறது. கோலாட்டம் ஆடும் பிள்ளைகளின் படத்துக்கு அது பொருந்தும். குடும்பத்தில் நடந்த சாவையும் வீட்டு வருமானத்தையும் தெருப் பெயரையும் சேர்த்து ஊருக்கு அறிவிக்க அது அனுமதி ஆகாது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடியும். 'இனி என் மகளின் படத்தை என்னைக் கேட்காமல் வெளியிட வேண்டாம்' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து, மின்னணு வடிவிலுள்ள தனிநபர் தரவைப் பாதுகாக்க 2023இல் ஒரு சட்டம் வந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும்; சம்மதம் குறிப்பாகவும் விவரம் அறிந்ததாகவும் இருக்க வேண்டும்; கொடுத்தது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது அது. ஆனால் இதை வைத்து நாளைக்கே வழக்குப் போடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. பிள்ளைகளின் தரவு பற்றிய கடமைகள் அதற்குப் பதினெட்டு மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். கோயில் பலகையில் ஒட்டிய தாளை அந்தச் சட்டம் தொடாது. வாட்ஸ்அப்புக்கும் முகநூலுக்கும் போனதையே தொடும்.

உள்ளே தள்ளலாம் என்பவரிடம் சொல்ல வேண்டியது

உங்கள் கொழுந்தன் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவைச் சொல்கிறார். பிள்ளையின் பெயரையோ படத்தையோ வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று அதில் இருப்பது உண்மைதான். ஆனால் குற்ற விசாரணையிலோ குழந்தைகள் நலக் குழுவின் நடவடிக்கையிலோ சம்பந்தப்பட்ட பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதற்கானது அது. பை வாங்கிய படத்துக்குப் பொருந்தாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு மன உளைச்சல் தருவதைத் தடை செய்கிறது என்பதும் சரி. ஆனால் உங்கள் மகள் படிப்பது போன்ற சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு தலைமை நீதிபதிக்கு அனுப்பியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு மாற்றப்படும் வரை பழைய நிலைதான். ஆக, காவல் நிலையத்தில் உங்களை மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அதற்குள் விஷயம் இன்னும் பத்துப் பேருக்குத் தெரிந்திருக்கும்.

அதற்காக, சிறுபான்மைப் பள்ளியை யாரும் எதுவும் கேட்க முடியாது என்றும் ஆகிவிடாது. பள்ளியை நிர்வகிக்கும் உரிமையில் தவறாக நிர்வகிக்கும் உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1958இலேயே சொல்லிவிட்டது. ஆசிரியர் சம்பளத்துக்கு அரசுப் பணம் வாங்கும் பள்ளி அரசுக்குப் பதில் சொல்லவும் கடமைப்பட்டது.

உப்பிட்டவர் யார்?

மாமியாரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். காலை உணவு, சத்துணவு, பாடநூல், சீருடை எல்லாம் அரசின் திட்டங்கள். மக்களின் வரிப்பணம், அதில் உங்கள் கணவர் கட்டியதும் உண்டு. காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதி உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15 அன்று விரிவானது. தொடக்க விழா நடந்ததே திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் ஒரு புனித அன்னாள் பள்ளியில்தான். இவற்றை யாரும் கருணையாகத் தரவில்லை. பையும் காலணியும் மட்டுமே நன்கொடை. அதற்கு நன்றி சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அந்த நன்றிக்கு மகளின் முகத்தை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை.

நன்கொடையாளரிடம் கணக்குக் காட்ட வேண்டாமா என்று ஃபாதர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தணிக்கைக்கு ரசீதும் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் இருந்தால் போதும். அவை கோப்பில் இருக்கட்டும். 'நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பைகள் வழங்கிய நண்பர்களுக்கு நன்றி' என்று பைகளின் படத்தோடு போட்டால் எந்த நன்கொடையாளரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

மதத்தை இதில் சேர்க்காதீர்கள்

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மதமாற்றத்துக்கான அறிகுறி ஒன்றுகூட அதில் இல்லை. கிறித்தவப் பிள்ளைகளுக்கான மறைக்கல்வி நேரத்தில் உங்கள் மகள் மற்ற மதப் பிள்ளைகளோடு நன்னெறி வகுப்பில் இருக்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அரசின் அங்கீகாரமோ நிதியோ பெறும் பள்ளி எதிலும், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையைச் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அரசியல் சாசனத்தின் 28(3) பிரிவு. பின்னாளில் தேவைப்பட்டால் அது இருக்கிறது. இந்தப் புகாரில் அதைக் கலந்தால், ஒன்பது வயதுப் பிள்ளையின் வருத்தம் ஊர்ச் சண்டையாகிவிடும். அந்தச் சண்டை மடலைவிட நெடுநாள் அவள் பெயரைச் சுமந்து திரியும். அந்தச் சொந்தக்காரருக்கு வேண்டியது அந்தச் சண்டை. உங்களுக்கு வேண்டியது பிள்ளை பள்ளிக்குப் போவது.

என்ன கேட்பது, யாரிடம் கேட்பது

ஞாயிறு பூசை முடிந்து நாலு பேர் சூழ நிற்கும் ஃபாதரிடம் போகாதீர்கள். வேலைநாளில், பள்ளி விட்ட பிறகு, முதலில் சிஸ்டரைப் பாருங்கள். மகள் உடன் வர வேண்டாம். பேசிவிட்டு, தாளாளர் பெயருக்கு எழுதிய அரைப் பக்கக் கடிதத்தைக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இப்படி எழுதலாம்:

'சென்ற மாத மடலின் முதல் பக்கத்தில் என் மகளின் படமும் குடும்ப விவரமும் என்னைக் கேட்காமல் வெளியாகியுள்ளன. இதனால் அவள் வகுப்பில் கேலிக்கு ஆளாகி வருந்துகிறாள். அந்தப் பக்கத்தை அறிவிப்புப் பலகையிலிருந்தும் முகநூலிலிருந்தும் நீக்குமாறும், வகுப்பில் கேலியை நிறுத்துமாறும், இனி அவள் படத்தையோ விவரத்தையோ என் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் வெளியிடாதிருக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். பள்ளி செய்துவரும் உதவிகளுக்கு நன்றியுடையவளாக இருக்கிறேன்.'

கடைசி வாக்கியம் பணிவுக்காக மட்டும் இல்லை; நாளை இந்தக் கடிதம் மேலதிகாரியின் மேசைக்குப் போனால், எழுதியவரின் நிதானம் அதில் தெரியும்.

ஒன்றை மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் கடிதத்தில் விரும்பியபடி, அடுத்த மடலில் பகிரங்க மன்னிப்பு வேண்டாம். மன்னிப்பு அச்சாக வேண்டுமானால் யாரிடம், எதற்காக என்று எழுத வேண்டும். முதல் மடலைப் பார்க்காதவர்களும் அப்போது தெரிந்துகொள்வார்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை அனைவரிடமிருந்தும் நீக்கும் வசதி சுமார் இரண்டரை நாள் வரைதான். அந்தக் காலம் கடந்துவிட்டது. எனவே, 'சென்ற மாத மடலில் திருத்தம் இருப்பதால் பழைய பிரதியை நீக்கிவிட்டுப் புதியதை வைத்துக்கொள்ளுங்கள்' என்று குழுவில் அறிவித்து, திருத்திய மடலை அனுப்பச் சொல்லுங்கள். எல்லோரும் நீக்கமாட்டார்கள். ஆனாலும் முகநூலில் இருப்பதை அகற்றுவதுதான் முக்கியம். பத்து ஆண்டு கழித்துக் கல்லூரித் தோழி ஒருத்தி கண்ணில் படக்கூடியது அதுதான்.

ஃபாதரிடம் பேசும்போது மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தை, வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்ற பகுதியை, எடுத்துச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அவர் மற்றவர்களுக்குச் சொல்லும் வசனத்தை அவருக்கே சொன்னால் முகம் சிவந்துவிடும், காது அடைத்துவிடும். தேவைப்பட்டால் வேறொன்று இருக்கிறது. ஒருவருடைய நற்பெயரைக் கெடுக்கவோ அந்தரங்கத்தைக் காக்கும் உரிமையை மீறவோ யாருக்கும் அனுமதி இல்லை என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 220ஆம் பிரிவு சொல்கிறது. குருமடத்தில் திருச்சபைச் சட்டம் ஒரு பாடம். எண்ணைச் சொன்னாலே போதும்.

இரண்டு வாரத்தில் ஒன்றும் நடக்கவில்லையென்றால் மறைமாவட்டத்தில் ஆர்.சி. பள்ளிகளைக் கவனிக்கும் பொறுப்பாளருக்கு அந்த நகலை அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலர். மகளை யாராவது மிரட்டினாலோ, புகார் கொடுத்ததற்காக ஒதுக்கி உட்கார வைத்தாலோ வரிசையெல்லாம் பார்க்க வேண்டாம், குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு என்ற கடைசிக் கதவும் இருக்கிறது. இந்த விஷயத்தில் அதைத் தட்ட நேராது என்பது என் அனுமானம். தட்டினால் வருடம் ஓடும். மகள் அதற்குள் எட்டாம் வகுப்புக்குப் போயிருப்பாள்.

டி.சி. வாங்குவதா?

இப்போது வேண்டாம் என்பேன். மகளிடம் கேளுங்கள்: பள்ளி பிடிக்கவில்லையா, அந்தப் பெயர் பிடிக்கவில்லையா? ஐந்தாம் வகுப்போடு எப்படியும் அங்கிருந்து கிளம்ப வேண்டியவள். தோழிகளை விட்டு நடுவில் பெயர்த்து நட்டால், கேலி செய்தவர்கள் அங்கேயே இருக்க, கேலிக்கு ஆளானவள் வெளியேறியதாக ஆகும். கேலி நிற்கவில்லையென்றால் மாற்றுங்கள். டி.சி. தாமதமானாலும் அதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அவர்களைக் கட்டுப்படுத்தும். பள்ளி மூடப்படுமோ என்ற பாரத்தை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். நாற்பது பிள்ளைகளோடு நடக்கும் தொடக்கப் பள்ளிகள் தமிழ்நாட்டில் எத்தனையோ இருக்கின்றன.

இன்னொன்று. வறுமையைத் தலைப்பில் போட்டவர்கள் உங்களுக்கு இதைச் சொன்னார்களா தெரியவில்லை. அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கும் பிள்ளையின், வருவாய் ஈட்டும் தந்தையோ தாயோ விபத்தில் இறந்தால், பள்ளிக் கல்வித் துறை அந்தப் பிள்ளையின் பெயரில் 75,000 ரூபாய் வைப்பு வைக்கும் திட்டம் ஒன்று உண்டு. முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றின் நகல்களோடு பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு ஆண்டு ஆகிவிட்டதே என்று தயங்காமல், தாமதத்துக்கான காரணத்தை எழுதிக் கொடுங்கள். தவிர, கணவரை இழந்த தாயின் பிள்ளைக்கு, கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகாவிட்டால், குழந்தைகள் பாதுகாப்புக்கான மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் கேட்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம் கிடைக்கும். நிதி இருப்பைப் பொறுத்துத்தான் தருகிறார்கள். ஆனால் கேட்காதவருக்கு வராது. இந்த இரண்டிலும் யாரும் படம் எடுத்துப் பலகையில் ஒட்டமாட்டார்கள்.

நீங்கள் அனுப்பிய மடலின் நான்காம் பக்கத்தைக் கடைசியாகத்தான் கவனித்தேன். மூலையில், பொடி எழுத்தில், ஆத்திசூடி ஒப்புவித்தல் போட்டி முடிவு. அக்கம்பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்த குறுவள மைய அளவில் முதல் பரிசு உங்கள் மகளுக்கு. இதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. திருத்திய மடலில் முதல் பக்கம் காலியாக இருக்குமே, அதில் என்ன போடலாம் என்று சிஸ்டர் கேட்டால், மகளிடம் கேட்டுவிட்டு, அவள் சரி என்றால் மட்டும், நான்காம் பக்க மூலையைக் காட்டுங்கள். 75,000 ரூபாய் விண்ணப்பத்திலும் தலைமையாசிரியையின் கையெழுத்து வேண்டும். ஆகவே போகும்போது இரண்டு தாள்களையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போங்கள்.